கோட்டைக்குப் போக எவ்வளவு?

2025.03.08

திருகோணமலையிலிருந்து கொழும்பு கோட்டைக்குப் புகையிரதத்தில் போக ஒருவருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால், தயங்காமல் ஒரே ஓர் எண்ணைச் சொல்லக்கூடியவர் இந்த ஊரில் எவராவது இருக்கிறாரா? முப்பத்தொரு ஆண்டுகள் அரச அலுவலகங்களில் கணக்கெழுதிய நானே மூன்று நாட்களாக முயன்று தோற்றிருக்கிறேன். மனைவியின் கண் சிகிச்சைக்காக மூன்று மாதங்களுக்கு ஒரு முறை நாங்கள் இருவரும் கொழும்பு போய் வருகிறோம். வண்டி அதே இரவு மெயில், தண்டவாளமும் அதுவே. செலவு மட்டும் ஒரு முறை போல் மறுமுறை இருந்ததில்லை.

என்னுடைய குற்றச்சாட்டை முதலில் வைத்துவிடுகிறேன். தரைவழியாக ஏ6 பாதையில் போனால் கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீட்டர். புகையிரதமோ கந்தளாய், கல்லோயா, ஹபரணை, கெக்கிராவை என்று மேற்கே இழுத்துச் சென்று, மாகோவில் வடக்குப் பாதையோடு சேர்ந்து, குருநாகல், பொல்காவலை வழியாகக் கோட்டையை அடையும்போது ஏறத்தாழ 295 கிலோமீட்டர் ஓடி முடிக்கிறது. கட்டணமோ ஓடும் தூரத்தைக் கொண்டு கணிக்கப்படுகிறது. ஆகவே 1927 இல் இந்தப் பாதையைப் போட்டவர்கள் வளைத்த வளைவுக்கு 2025 இல் நான் காசு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2025.03.08, இரவு

வளைவைப் பற்றி எழுதியதைப் படித்த ஒருவர், வளைவில்லாமல் போகும் பஸ்ஸுக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார். சரியான அடி. கூடுதலாக ஓடும் தூரம் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மூன்றாம் வகுப்புக்கும் 49 ஆம் இலக்க பஸ்ஸுக்கும் உள்ள கட்டண இடைவெளி அதைவிடப் பெரியது. மேலும் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான வீதம் குறையும் வகையில்தான் புகையிரதக் கட்டணம் அமைந்திருக்கிறது. வளைவுக் குற்றச்சாட்டைப் பாதியளவு மீளப் பெறுகிறேன். மற்றப் பாதி கோபத்துக்காக இருக்கட்டும்.

2025.03.12

வளைவைத் தேடிப் போன நான் வேறொன்றில் தடுக்கி விழுந்தேன். அதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

2022 ஜூலையில் புகையிரதக் கட்டணம் ஒரே தாவலில் ஏறியதை எல்லோரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசைகளும் எரிவாயு வரிசைகளும் நிறைந்திருந்த காலம் அது. ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு வந்திருந்தது. அப்போது சொல்லப்பட்ட நியாயம் எளிமையானது: புகையிரதக் கட்டணம் பஸ் கட்டணத்தின் பாதி அளவிலாவது இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பின் ஆகக் குறைந்த கட்டணம் 10 ரூபாவிலிருந்து 20 ரூபாவானது. அதே மாதத் தொடக்கத்தில் பஸ்ஸின் ஆகக் குறைந்த கட்டணம் 40 ரூபாவாகியிருந்தது. 20 என்பது 40 இன் பாதி. கணக்காளன் ஒருவன் கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூடிய கணக்கு.

ஆனால் டீசல் இறங்க, பஸ் கட்டணமும் படிப்படியாக இறங்கியது. முதலில் 38, பிறகு 34, 2023 இல் 30, சென்ற ஆண்டில் 28, இப்போது 27. புகையிரதத்தின் 20 மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. பாதி என்று தொடங்கிய விகிதம் ஒருவரும் வர்த்தமானியில் ஒரு வரி எழுதாமலே நான்கில் மூன்று பங்காகிவிட்டது. ஏற்றப்படாமலே ஏறிய கட்டணத்தை என் வாழ்க்கையில் முதன் முதலாகப் பார்க்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இது ஆகக் குறைந்த கட்டணத்தைக் கொண்டு செய்த கணக்கு. கோட்டை வரையிலான நீண்ட தூரத்துக்கு இதே விகிதம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக நாளை எவரும் என்னை மேற்கோள் காட்ட வேண்டாம்.

2025.03.20

போய் வந்தோம். கணக்கு இதோ.

பெப்ரவரி 20 ஆம் திகதி அதிகாலையில் கல்லோயாப் பகுதியில் மட்டக்களப்பிலிருந்து வந்த மீனகயா கடுகதி யானைக் கூட்டத்தில் மோதியதும், யானைகள் ஆறு இறந்து வண்டி தடம் புரண்டதும் அறிந்ததே. அதன் பின்னர் இந்தப் பாதையின் இரவு வண்டிகளின் நேரங்கள் மாற்றப்பட்டன. காட்டுப் பகுதியில் வண்டி மெதுவாகவே போகிறது, போகவும் வேண்டும். அந்த உயிர்களுக்காக ஒரு மணித்தியாலம் கூடுதலாக விழித்திருப்பதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் வண்டி ஒரு மணித்தியாலத்தோடு நிற்கவில்லை. நாங்கள் கோட்டையில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. முச்சக்கரவண்டி பிடித்துத் தெஹிவளைக்கு ஓடிப் போனபோது கிளினிக்கில் அன்றைய எண்கள் கொடுத்து முடிந்திருந்தன. மறு திகதி ஒரு மாதம் கழித்து என்றார்கள். கண்ணுக்குள் விட வேண்டிய மருந்து காத்திருக்காது என்பதால், மாலையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் அதே துறை வைத்தியரைச் சனலிங் செய்து, அதாவது கட்டணம் கட்டி நேரம் பதிந்து, பார்த்தோம்.

என் குறிப்புப் புத்தகத்தின்படி, இந்த ஒரு பயணத்தில் இருவருக்கும் போக வர வாங்கிய பயணச்சீட்டுகளின் தொகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் மற்றச் செலவு போயிருக்கிறது. சனலிங் கட்டணத்தைப் புகையிரதச் செலவில் எழுதலாமா என்று நேற்று இரவு எங்கள் வீட்டில் பெரிய வழக்கு நடந்தது. எழுதக் கூடாது என்பது மனைவியின் வாதம். அப்படி எழுதுவதானால் யானைக்குத்தான் பற்றுச்சீட்டு அனுப்ப வேண்டும் என்றார். நான் எழுதியிருக்கிறேன், ஆனால் பென்சிலால்.

2025.03.21

முச்சக்கரவண்டிக்கு ஏன் கொடுத்தீர்கள், கோட்டையிலிருந்து தெஹிவளைக்குக் கரையோர வண்டி ஓடுகிறதே என்று கேட்டவருக்கு: ஓடுகிறது. ஒரு கண்ணில் கட்டோடு இருக்கும் அறுபத்தைந்து வயதுப் பெண்ணை அலுவலக நேரத்தில் அந்தப் பெட்டிக்குள் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

2025.03.30

நேற்றைய பதிலில் சூடு கூடிவிட்டது என்று மகள் தொலைபேசியில் கண்டித்தாள். அது நேற்றையதன்று, ஒன்பது நாட்களுக்கு முந்தியது என்று திருத்தினேன். அதற்கும் கண்டித்தாள்.

இனி ஆசனப் பதிவு. ஒரு மாதத்துக்கு முன்னர் பதிவு திறக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு மகள் குடும்பம் இங்கே வந்து திரும்புவதற்கு ஆசனம் வேண்டியிருந்தது. பதிவு திறக்கும் நேரத்தில் நான் மேசையில் புத்தகத்தைப் போல் கைத்தொலைபேசியை விரித்து வைத்துக் காத்திருந்தேன். என் விரல் பெயரின் மூன்றாவது எழுத்துக்குப் போவதற்குள் இரண்டாம் வகுப்பு முடிந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு நான் அடையாள அட்டை எண்ணைத் தட்டச்சு செய்தபோது முடிந்தது. முதலாம் வகுப்புப் படுக்கை இந்த வண்டியில் அரிதான பொருள்; அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடையாள அட்டை எண் கேட்பது இந்த ஆண்டில் வந்த கட்டுப்பாடு. எல்ல வரையிலான மலைநாட்டு வண்டிகளின் சீட்டுகள் திறந்த கணத்திலேயே மறைந்து, பிறகு வெளிநாட்டவருக்குப் பல மடங்கு விலைக்கு விற்கப்பட்டதைப் பற்றிய விசாரணைகளுக்குப் பின்னர் வந்தது. நல்ல கட்டுப்பாடுதான். எங்களுக்கும் அந்த நோய் உண்டு. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சித்திரை முதல் புரட்டாதி வரை பருவம். அந்த மாதங்களில் மெயிலில் முதுகுப் பை இல்லாத பயணியைத் தேட வேண்டும்.

இவ்வளவு எழுதிய பிறகு ஓர் உண்மையை மறைப்பது அழகன்று. 2023 இல் அப்படியொரு இடையாளிடம் நானே சீட்டு வாங்கினேன். மூன்றாம் வகுப்புச் சீட்டுக்கு அதில் அச்சிட்ட விலையைப் போல் இரண்டு மடங்கு கொடுத்தேன். அந்த இரவு என் மடியில் தலை வைத்து மனைவி உறங்கினார். நான் விழித்திருந்து, இந்த ஆசனத்துக்காக வரிசையில் நின்று இல்லையென்று திரும்பிய ஒருவர் இதே பெட்டியின் வாசலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருக்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டே போனேன். அன்றைய தொகையையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கு எதிரே விவரம் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது.

2025.04.02

ஒரு மடங்கு கூடுதலா, இரண்டு மடங்கா என்று கேட்டவருக்கு: அச்சிட்டது ஒன்று, கொடுத்தது இரண்டு. கணக்காளனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர் தமிழாசிரியராகத்தான் இருக்க வேண்டும்.

2025.04.22

பிரித்தானியாவில் இருக்கும் தங்கையின் மகன் புத்தாண்டுக்கு அழைத்தபோது இந்த விவகாரத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “மாமா, நீங்கள் சொர்க்கத்தில் இருக்கிறீர்கள்” என்றான். அங்கே கடந்த மார்ச் 2 ஆம் திகதி இங்கிலாந்தில் அரசு கட்டுப்படுத்தும் புகையிரதக் கட்டணங்கள் 4.6 வீதம் ஏறினவாம். கட்டணக் கழிவு பெறுவதற்கென்று ஆண்டுதோறும் வாங்கும் அட்டையின் விலையும் 30 பவுணிலிருந்து 35 ஆனதாம். கழிவு பெறுவதற்கான செலவே ஏறியது என்ற செய்தியை நான் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

அதைவிட வியப்பானது அவன் சொன்ன துண்டுச் சீட்டு வித்தை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஒரே சீட்டாக வாங்கினால் ஒரு விலை. இடையில் உள்ள நிலையத்தில் பயணத்தைக் காகிதத்தில் மட்டும் முறித்து இரண்டு சீட்டாக வாங்கினால் பல வேளைகளில் அதைவிடக் குறைந்த விலை. வண்டி அந்த நிலையத்தில் நின்றால் போதும்; பயணி எழுந்து நிற்கக்கூடத் தேவையில்லை. அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்கென்றே செயலிகள் இருக்கின்றனவாம்.

அன்று மாலையே நான் மாகோவில் முறித்துக் கணக்குப் பார்த்தேன். கூடுதலாகத்தான் வந்தது. நம் கட்டணம் தூரத்தோடு வீதம் குறையும் வகையானது என்று மார்ச் 8 இரவு நானே எழுதிவிட்டு அதை மறந்தது பிழை. குறைந்த வீதத்தில் ஓட வேண்டிய கிலோமீட்டர்களை மறுபடியும் முதல் கிலோமீட்டரிலிருந்து தொடங்கினால் எப்படிக் குறையும்? இந்த விடயத்திலாவது நம்முடைய முறை நேர்மையானது. நீண்ட தூரம் போகிறவனை அது தண்டிப்பதில்லை.

2025.05.15

இந்தக் குறிப்பை எழுதப் பல நாள் பின்போட்டேன்.

முந்திய காலத்தில் புகையிரதம் எவ்வளவு மலிவாக இருந்தது என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதை நிறுவுவதற்காகப் பழைய குறிப்புப் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். 1990களிலும் 2000களிலும் கொழும்புப் பயணங்களுக்கு எதிரே புகையிரதம் என்ற வரியில் தொகையே இல்லை. சிற்றுண்டி இருக்கிறது, பஸ் இருக்கிறது, பிள்ளைகளுக்கு வாங்கிய ரம்புட்டான்கூட இருக்கிறது. புகையிரதத்துக்கு ஒரு கோடு மட்டும்.

காரணம் உங்களில் அரச சேவையில் இருந்தவர்களுக்கு உடனே புரியும். வாரண்ட், அதாவது அரச ஊழியருக்கான இலவசப் பயண ஆணை. ஆண்டுக்கு மூன்று தொகுதி விடுமுறை வாரண்டுகள், குடும்பத்தோடு போகலாம். அலுவலகத்தில் படிவத்தை நிரப்பி, நிலையத்தில் கொடுத்து, அட்டைச் சீட்டைப் பெற்றுக்கொண்டு ஏறிவிடுவோம். மலிவாக இருந்தது என்று நான் நினைவில் வைத்திருந்த கட்டணத்தை நான் கொடுத்ததே இல்லை. என்னோடு அதே பெட்டியில் வந்த கந்தளாய்க் கரும்புத் தோட்டத்துத் தொழிலாளியும், தம்பலகாமத்து விவசாயியும் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது மலிவாக இருந்ததா என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

ஆகவே இங்கே எழுதிய அந்தக் காலத்துப் புகழ்ச்சிகளில் என்னுடைய பங்கைக் கழித்துவிடுங்கள். 2018 இல் ஒரு தடவை கட்டணம் ஏறியதும் எனக்கு உறைக்காமல் போனது இதனால்தான். 2022 உறைத்தது, ஏனென்றால் அப்போது நான் ஓய்வு பெற்று, மனைவிக்குக் கண் நோயும் வந்து, வாரண்டுக் கணக்கு எங்கள் தேவைக்குப் போதாமல் ஆகியிருந்தது.

2025.05.16

ஆம், வாரண்ட் சலுகை ஒழிய வேண்டும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொன்னால் என் நண்பர்கள் என்னோடு தேநீர் குடிக்க மாட்டார்கள்.

2025.06.12

பொசன் முடிந்து திரும்பும் வண்டியில் எங்களுக்கு எதிரே இருந்தவர் கந்தளாய்க்காரர். பேச்சு எப்போதும் போல் சீட்டில் வந்து நின்றது. அவரும் பதிவு செய்த ஆசனந்தான். என்னைப் போலவே முழு விலை. எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இடைவெளி. பதிவில்லாத சீட்டு என்றால் அந்தத் தூரம் கழியும். பதிவு செய்தால் ஆசனத்துக்கு விலை, தூரத்துக்கு அன்று.

இங்கேதான் குழப்பத்தின் வேர் இருக்கிறது என்று இப்போது எனக்குப் படுகிறது. ஒரே வண்டியில் இரண்டு விதமான பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று தூரம், அது கிலோமீட்டரால் அளக்கப்படுகிறது, எல்லோருக்கும் கிடைக்கிறது, விலையும் உண்மையில் குறைவு. மற்றது இருக்கை, அது எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது, ஒரு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பதிவில்லாத இரண்டாம் வகுப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு இடம் கிடைக்காமல் நிற்பவர் இரண்டாம் வகுப்பில் நிற்கும் உரிமைக்குத்தான் கூடுதல் காசு கொடுத்திருக்கிறார். புகையிரதம் மலிவு என்று சொல்பவர் தூரத்தின் விலையைச் சொல்கிறார். விலை கூடிவிட்டது என்று சொல்பவர் இருக்கையைப் பற்றிப் பேசுகிறார். மூன்று மாதங்களாக நாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொண்டிருந்தோம். அதில் முதல் ஆள் நான்.

நம் ஊர்க்காரருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. வண்டி இங்கிருந்து புறப்படுவதால், நேரத்தோடு போனால் தூரத்தின் விலையிலேயே இருக்கையும் கிடைத்துவிடும். கோட்டையிலிருந்து திரும்பும்போது அந்த வாய்ப்பு தெம்புள்ளவனுக்கு மட்டுமே. எனவே போகும் விலையும் வரும் விலையும் ஒன்றாக இருக்க முடியாது. மார்ச் மாதம் நான் ஒரே எண்ணைத் தேடியது ஏன் கைகூடவில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

2025.07.05

இரண்டு செய்திகள்.

இந்தியாவில் ஜூலை 1 முதல் புகையிரதக் கட்டணத்தை ஏற்றியிருக்கிறார்கள். குளிரூட்டப்படாத மெயில், விரைவு வண்டிகளுக்குக் கிலோமீட்டருக்கு 1 பைசா. குளிரூட்டிய வகுப்புக்கு 2 பைசா. சாதாரண இரண்டாம் வகுப்பில் 500 கிலோமீட்டர் வரைக்கும் ஏற்றமே இல்லை. ஏற்றமாவது எவ்வளவு என்பதை ஒரு பள்ளிப் பிள்ளை விரலில் எண்ணிச் சொல்லலாம். நம் 295 கிலோமீட்டருக்கு 1 பைசா வீதம் பார்த்தால் 3 இந்திய ரூபாவுக்கும் குறைவு. அவர்களுடைய ஆசனப் பதிவுத் தொல்லை நம்முடையதைவிடப் பெரியது என்று தமிழகம் போய் வருகிறவர்கள் சொல்கிறார்கள், ஆகவே பொறாமை வேண்டாம். ஆனால் சிறிய தொகையாக, கிலோமீட்டரைச் சொல்லி ஏற்றும் அந்த முறையை நான் மதிக்கிறேன்.

மற்றச் செய்தி நம்முடையது. ஆண்டுதோறும் ஜூலையில் வரும் பஸ் கட்டணத் திருத்தத்தில் 0.55 வீதம் குறைத்திருக்கிறார்கள். ஆகக் குறைந்த கட்டணம் 27 ரூபாவே. ஒட்டோ டீசல் இந்த மாதம் 289. பஸ்ஸுக்கு ஆண்டுக்கொரு முறை ஏறவோ இறங்கவோ ஒரு வாசல் இருக்கிறது. புகையிரதத்துக்கு அந்த வாசல் இல்லை. 2018, 2022 என்று சுவர் ஏறிக் குதித்துத்தான் வருகிறது. 460 ரூபா டீசலின் நாட்களில் வைத்த விலை 289 ரூபா டீசலிலும் அப்படியே நிற்பதை எவராவது விளக்கினால் கேட்டுக்கொள்வேன். திணைக்களம் நட்டத்தில் ஓடுகிறது என்பதுதான் விளக்கம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் அப்போது பாதி என்ற கதையைக் கைவிட்டு அதைச் சொல்ல வேண்டும்.

2025.07.05, சற்றுப் பின்

சனலிங் கட்டணத்தைப் பென்சிலிலிருந்து மைக்கு மாற்றினீர்களா என்று ஒருவர் நினைவாகக் கேட்டிருக்கிறார். இல்லை. அழித்துவிட்டேன். வழக்கில் தோற்றேன்.

2025.07.27

ஆடி அமாவாசைக்குக் கோணேசர் கோயிலுக்கு வந்தவர்களின் கூட்டம் இன்னும் முழுதாகக் கலையவில்லை. நேற்று மாலை நிலையத்தில் வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. அடுத்த கிளினிக்குக்கு நாங்கள் இந்த முறை பதிவில்லாமலே போவதென்று முடிவு செய்திருந்தோம். மனைவி வாங்கில் உட்கார்ந்திருக்க, நான் குறிப்புப் புத்தகத்தோடு நின்றேன்.

எனக்கு முன்னால் தம்பலகாமத்து ஆச்சி ஒருவர். அமாவாசைக்கு வந்தவர், அப்படியே கொழும்பில் இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வரப் போகிறாராம். திரும்பி, “தம்பி, கோட்டைக்குப் போக எவ்வளவு?” என்று கேட்டார்.

எந்த வகுப்பு, பதிவோடா பதிவில்லாமலா, போக மட்டுமா வரவும் சேர்த்தா, இறங்கிய பிறகு மகனின் வீட்டுக்கு எப்படிப் போவதாக எண்ணம் என்று நான் கேட்கத் தொடங்கினேன். இரண்டாவது கேள்வியிலேயே ஆச்சி முன்னுக்குத் திரும்பிவிட்டார். சாளரத்தில் இருந்த பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு ஒரு தொகையைச் சொன்னது. ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்து, மிச்சத்தை வாங்கி, மறுபடியும் முடிந்துகொண்டு, சீட்டைப் பைக்குள் வைத்து, ஜன்னலோரம் பிடிப்பதற்காக விறுவிறுவென்று மேடைக்குப் போனார்.

“ஐயா, உங்களுக்கு?” என்று சாளரத்துப் பிள்ளை இரண்டாம் முறையாகக் கேட்டது.